ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிப் பாருங்கள்

மதுரை மாவட்ட நன்னடத்தை அலுவலர்களுக்கும் இளைஞர் நீதிக் குழும உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். நான் செல்லூரில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்த ஒருவன் போன வருடம் பைக் திருட்டில் மாட்டினான். கேள்விப்பட்டதும் அவனுடைய கட்டுரை நோட்டுதான் நினைவுக்கு வந்தது.

எழுத்துக்கு முன்னால் வரவேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும். புள்ளி இருக்காது. கரும்பலகையில் இருக்கும் நாலு வரியை எழுத அவனுக்கு ஒரு பீரியட் ஆகும். ஆனால் குறளைக் காதால் கேட்டே ஒப்பித்துவிடுவான். மாட்டுத்தாவணி பஸ்ஸை போர்டு பார்த்து ஏறமாட்டான், நம்பர் பார்த்துத்தான் ஏறுவான். அவனை நான் 'மக்கு' என்றேன், வகுப்பு முழுக்கக் கேட்கும்படி. எட்டாவது வரை ஃபெயில் கிடையாது என்பதால் ஒன்பதாவது வந்தான், பாதியில் நின்றான். டிஸ்லெக்சியா, அதாவது வாசிக்கவும் எழுதவும் தடுமாறவைக்கும் கற்றல் குறைபாடு, என்ற சொல்லையே ஓய்வுபெறும் வருடம் ஒரு பயிற்சியில்தான் கேட்டேன்.

கற்றல் குறைபாடு இருந்தால் திருடனாவான் என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வருவேன். 1970களின் கடைசியில் அமெரிக்காவில் இதை ஆராய்ந்தார்கள். பையன்கள் தாங்களே ஒப்புக்கொண்ட தப்புகளில் குறைபாடு உள்ளவன், இல்லாதவன் என்று பெரிய வித்தியாசமில்லை. ஆனால் கோர்ட்டில் குற்றவாளி என்று முடிவானவர்களில் குறைபாடு உள்ளவர்களின் விகிதம், மற்ற பையன்களிடையே இருப்பதைவிட அதிகம். இது எனக்கு ஆச்சரியமாக இல்லை. "வெள்ளிக்கிழமையா, சனிக்கிழமையா? முதல்ல எங்க போன?" என்று போலீஸ் அதட்டினால் குறைபாடு உள்ளவனுக்குக் கிழமையும் குழம்பும், வரிசையும் குழம்பும். உடனே 'மாத்தி மாத்திப் பேசுறான், கள்ளப்பய' என்றாகிவிடும். நீட்டின தாளில் வாசிக்காமலே கையெழுத்துப் போடுவான். வாசிக்க வராது என்று சொல்வதைவிட அவனுக்குத் திருடன் பட்டமே தேவலை.

சட்டம் இடம் கொடுக்கத்தான் செய்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. இளைஞர் நீதிச் சட்டப்படி 15 நாளில் நீங்கள் தரும் சமூக விசாரணை அறிக்கையில், பையன் படிப்பை ஏன் நிறுத்தினான் என்ற கேள்வியும் உண்டு. அங்கே 'ஆர்வமில்லை' என்று எழுதுவது சுலபம். உங்கள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் எழுதியிருப்பேன், பொய் சொல்வானேன்.

அதை எழுதும் முன் அவனைத் தனியாக உட்காரவைத்து, மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் அரசு மருத்துவமனைக்குச் சோதனைக்கு அனுப்புங்கள். கையெழுத்து வாங்கும் எதையும் வாசித்துக் காட்டுங்கள். சான்றிதழ் கையில் இருந்தால் பத்தாவது பரீட்சையில் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும், சொல்லச் சொல்ல எழுத ஆளும் கிடைப்பார். என்னிடம் படித்தவனுக்கு அப்போதே இது கிடைத்திருக்க வேண்டியது.

புத்தகம் இல்லையென்றால் சொல்லி அனுப்புங்கள். என்னிடம் இருக்கிறது, எடுத்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர், செல்லூர்