கோவைச் சிறைக்காவது கொண்டு வாருங்கள்

கொங்குநாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கமுங்க. கோவை, பொள்ளாச்சி, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் என எங்கள் சொந்தபந்தம் எல்லாத் தொகுதியிலும் இருக்கிறது. அதனால் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

வெள்ளகோவிலில் இருக்கும் என் அக்காவின் மகன் வளைகுடா நாடு ஒன்றில் சிறையில் இருக்கிறான். எந்த நாடு என்று எழுத வேண்டாம் என வக்கீல் சொல்லியிருக்கிறார். தறி ஓட்டிக்கொண்டிருந்தவன். நூல் விலை ஏறியது, கூலி ஏறவில்லை. தறியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு அங்கே குடோன் வேலைக்குப் போனான். ஒருநாள் சரக்குக் கணக்கு உதைத்தது. இவன் கையெழுத்துப் போட்டிருந்த தாளெல்லாம் அரபியில் இருந்தது. அவன் தப்பே செய்யவில்லை என்று சத்தியம் செய்ய நான் வரவில்லை. கூட இருந்து பார்க்காததை எப்படிச் சொல்வது? மேல்முறையீடும் முடிந்து தண்டனை உறுதியாகிவிட்டது. இன்னும் மூன்று வருடத்துக்கு மேல் பாக்கி.

எங்களுக்கு முதலில் எதுவுமே தெரியாது. வெளிநாட்டில் கைதாகிறவனிடம் 'உன் நாட்டுத் தூதரகத்துக்குச் சொல்லட்டுமா' என்று தாமதமில்லாமல் கேட்க வேண்டும் என்கிறது 1963-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 36-ஆவது பிரிவு. அவன் 'சொல்லுங்கள்' என்றால்தான் சொல்வார்கள். இவனோ ஊருக்குத் தெரிந்துவிடுமே என்று பயந்து வாயைத் திறக்கவில்லை. விமானம் ஏறும் முன்பே இதைச் சொல்லிக் கொடுக்க ஒரு ஆள் இருந்திருக்கலாம். சரி, போனது போகட்டும்.

இப்போது கேட்பது ஒன்றுதான். நம் நாட்டில் 2003-லேயே ஒரு சட்டம் வந்தது. வெளிநாட்டில் தண்டனை பெற்ற இந்தியர் மீதித் தண்டனையை இங்கே வந்து கழிக்கலாம். சவுதி, அமீரகம், கத்தார், குவைத் என வளைகுடாவில் பல நாடுகளோடு இதற்கு ஒப்பந்தமும் இருக்கிறது. தீர்ப்பு இறுதியாகியிருக்க வேண்டும், பொதுவாக ஆறு மாதமாவது பாக்கி இருக்க வேண்டும், வேறு வழக்கு நிலுவையில் இருக்கக் கூடாது, கைதி தானே விரும்பிக் கேட்க வேண்டும். இவனுக்கு எல்லாம் பொருந்துகிறது. ஆனால் அந்தக் காகிதம் சிறையிலிருந்து தூதரகம், வெளியுறவுத் துறை, உள்துறை என்று ஏறி, எந்தச் சிறையில் வைப்பது என்று கேட்டு மாநில அரசுக்கு இறங்கி, மறுபடி ஏற வேண்டும். இரண்டு நாடும் சம்மதிக்க வேண்டும். நடுவில் எங்கே நிற்கிறது என்று கேட்டால் 'பரிசீலனையில்' என்ற ஒரே சொல். மனு எண்களை அக்கா தினக்காலண்டர் அட்டையின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறார். அட்டையில் இடம் தீர்ந்துவிட்டது.

உங்களால் என்ன முடியும் என்று கேட்பீர்கள். ஆயுதக் கப்பல் வழக்கில் 2013-இல் தூத்துக்குடியில் கைதான பிரிட்டன்காரர்கள் ஆறு பேரை நினைத்துப் பாருங்கள். அவர்கள் நம் ஊர்ச் சிறையில் கிடந்தபோது அக்கா தங்கைகளும் மனைவிகளும் அங்கே வீதியில் நின்று கையெழுத்து வாங்கினார்கள். அவர்கள் தொகுதி எம்.பி.க்கள் லண்டன் நாடாளுமன்றத்தில் எழுந்து பேசினார்கள். 2017 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை விடுதலை செய்தது. விடுவித்தது நீதிமன்றம்தான், எம்.பி.க்கள் இல்லை. ஆனால் அத்தனை வருடமும் அந்த ஆறு பேரை யாரும் மறக்கவிடவில்லை.

கத்தாரில் மரண தண்டனை பெற்ற நம் முன்னாள் கடற்படையினர் எட்டுப் பேர் 2024 பிப்ரவரியில் விடுதலையானார்கள். டெல்லி மனது வைத்தால் நடக்கும் என்று அன்றைக்குத் தெரிந்தது. தறிக்காரனுக்காக டிவிக்காரர்கள் வர மாட்டார்கள். அவனுக்கு நீங்கள்தான் வர வேண்டும்.

வெளிநாட்டுச் சிறைகளில் பத்தாயிரத்துக்கும் மேல் இந்தியர்கள் இருப்பதாக அரசே நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறது. இவர்களில் ஊருக்கு மாற்றக் கேட்டவர்கள் எத்தனை பேர், அதில் தமிழ்நாட்டுக்காரர் எத்தனை, ஒவ்வொரு மனுவும் எந்த மேசையில் இருக்கிறது என்று வரும் கூட்டத்தொடரில் கேளுங்கள். வக்கீல் வைக்க வழியில்லாதவர்களுக்கு என்றே 2009-இலிருந்து தூதரகங்களில் இந்தியர் நலநிதி இருக்கிறது. அதைப் பற்றியும் கேளுங்கள். அப்புறம், மாநில அரசு தர வேண்டிய பதிலை நீங்களே கூடப் போய் வாங்கிக் கொடுங்கள்.

அவனிடமிருந்து எப்போது போன் வரும் என்று தெரியாது. மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனாலும் அக்கா போனை மடியில் செருகிக்கொண்டுதான் போகிறார். வந்தால், 'சாப்பிட்டயா கண்ணு' என்று கேட்டு முடிப்பதற்குள் லைன் துண்டாகிவிடும்.

வ.உ.சி. செக்கிழுத்த கோவைச் சிறைக்கு அவன் வந்தால், வெள்ளகோவிலில் பஸ் ஏறி, சிங்காநல்லூரில் இறங்கி, டவுன் பஸ் மாறினால் காந்திபுரம். மகன் ஜெயிலுக்கு வர வேண்டும் என்று மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்ட தாயை நான் இப்போதுதான் பார்க்கிறேன். போன வாரம், உள்ளே கச்சாயப் பலகாரம் கொண்டுபோக விடுவாங்களா என்று கேட்டார். விசாரித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்மாமன்