வெளிச்சத்தைத் துரத்தும் ஓட்டம்: உலகத் தடகள அமைப்பின் தலைவருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செபாஸ்டியன் கோ அவர்களுக்கு,

வணக்கம். 2012 ஆகஸ்ட் 9 அன்று லண்டன் ஒலிம்பிக்கில் கென்யாவின் டேவிட் ருடிஷா வென்ற 800 மீட்டர் இறுதிப் போட்டியை, அந்த ஒலிம்பிக்கின் அமைப்புக் குழுத் தலைவராக இருந்த உங்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. ஆனாலும் ஒன்றை நினைவூட்ட வேண்டியிருக்கிறது: அன்று அவருக்கு முன்னால் ஓடி வேகம் அமைத்துக் கொடுக்க யாரும் இல்லை. தொடக்கத்திலேயே முன்னிலை பிடித்து, முதல் சுற்றை 49.28 வினாடியில் கடந்து, 1 நிமிடம் 40.91 வினாடியில் உலக சாதனையோடு முடித்தார். அவரை விரட்டிச் சென்ற போட்ஸ்வானாவின் 18 வயது நைஜல் அமோஸ் 1:41.73 என்ற நேரத்தில் இரண்டாவதாக வந்தார். 1981இல் நீங்கள் படைத்து, பதினாறு ஆண்டுகள் யாராலும் முறியடிக்கப்படாமல் இருந்த உங்கள் சாதனையின் அதே நேரம் அது. கடைசியாக வந்தவரின் 1:43.77கூட, அதற்கு முந்தைய மூன்று ஒலிம்பிக்குகளில் தங்கம் வாங்கித் தந்திருக்கும்.

அயர்லாந்திலிருந்து புவியியல் ஆசிரியராகக் கென்யாவின் இட்டேன் நகருக்கு வந்த கத்தோலிக்கத் துறவி, அருட்சகோதரர் கோல்ம் ஓ'கானலிடம் பயின்ற ருடிஷா என்ற இந்த மசாய் இன இளைஞர், 2010 ஆகஸ்டில் ஒரே வாரத்தில் இரண்டு முறை உலக சாதனை படைத்தவர். அப்போது அவருக்கு பேஸ்மேக்கர், அதாவது முன்னால் ஓடி வேகம் அமைத்துக் கொடுப்பவர், இருந்தார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. எனினும், அந்தச் சாதனைகள் நிகழ்ந்த பெர்லினும் ரியேட்டியும் புள்ளிவிவரப் பிரியர்களின் நினைவில் மட்டுமே தங்க, 800 மீட்டர் ஓட்டத்தை ஒருபோதும் பார்த்திராதவர்களும் அவர் பெயரை அறிந்தது லண்டனுக்குப் பிறகுதான்.

இன்று பெரிய ஒருநாள் தடகளப் போட்டிகளில் பேஸ்மேக்கர் போதாதென்று, தடத்தின் உள்விளிம்பில் முன்கூட்டியே குறித்த வேகத்தில் அடுத்தடுத்து ஒளிரும் விளக்குகளும் ஓடுகின்றன. எந்த நேரத்தில் எங்கே இருக்க வேண்டும் என்பதை வீரர் தம் உடலைக் கேட்டு முடிவு செய்யாமல் விளக்கைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறார். பார்வையாளரும் மனிதர்களை விட்டுவிட்டு விளக்கையே பார்க்கிறார். துணையில்லாத ஓட்டங்கள் மந்தமாகிவிடும் என்ற வாதத்தில் உண்மை உண்டு. கடைசி 200 மீட்டரில் மட்டுமே சூடுபிடித்த எத்தனையோ இறுதிப் போட்டிகளை நானும் சலிப்போடு பார்த்திருக்கிறேன். ஆனால் 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கின் 800 மீட்டர் இறுதியில் கென்யாவின் இம்மானுவேல் வான்யோன்யி 1:41.19இல் வென்றதும், 0.01 வினாடி பின்தங்கி கனடாவின் மார்கோ அரோப் வந்ததும் எந்த விளக்கின் உதவியும் இல்லாமல்தான்.

ஆகவே, டயமண்ட் லீக் என்ற உங்கள் ஒருநாள் தடகளப் போட்டித் தொடரில் ஆண்டுதோறும் சில 800, 1500 மீட்டர் ஓட்டங்களையாவது பேஸ்மேக்கரும் விளக்கும் இன்றி நடத்துமாறும், சாதனைப் பட்டியலில் அவற்றின் துணையோடு ஓடிய நேரங்களுக்கு அருகே ஒரு குறியீடு இடுமாறும் கேட்டுக்கொள்கிறேன். பின்னிருந்து வீசும் காற்றின் வேகம் வரம்பு மீறினால் 100 மீட்டர் சாதனையையே ஏற்க மறுக்கும் அமைப்புக்கு இந்தக் கணக்கு கடினமானதல்ல.

இப்படிக்கு,
நடுத்தூர ஓட்டத்தின் ரசிகன் ஒருவன்