மலர் கவுன்சலிங் விஷயமா

டேய் மாப்ள,

இங்க எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டி வலி தேவலை. உன் வண்டவாளமெல்லாம் ஸ்டேட்டஸ்ல பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன், தொப்பையைக் குறை.

மலருக்கு இன்ஜினியரிங் கவுன்சலிங் வந்துடுச்சு. அவ கட்-ஆஃபுக்கு கிண்டி இன்ஜினியரிங் காலேஜ்ல ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ் (கம்ப்யூட்டர்ல மேப் போடுற படிப்பு), கோவை அரசு காலேஜ் ஜி.சி.டி.யில டிரிபிள்-ஈ, அதான் எலக்ட்ரிக்கல், வரும் போலிருக்கு. அவளுக்கு மோட்டார்னா உயிர். நின்னுபோன மிக்சியைப் பிரிச்சு, கார்பன் பிரஷ் மாத்தி ஓட விட்டவ. ஆனா என் மச்சான் சட்டமா வந்து உட்கார்ந்துக்கிட்டு, "கிண்டி 1794-ல சர்வே பள்ளியா ஆரம்பிச்ச இடம், அங்க மேப் படிக்கக் கசக்குதா? கல்யாணப் பத்திரிகையில போட்டா எடுப்பா இருக்குமே"ங்கறார்!

நான் மயில்சாமி அண்ணாதுரையை இழுத்தேன். ஜி.சி.டி.ல படிச்சவர்தானே சந்திரயான்-1 திட்ட இயக்குநர்? அதோட நிறுத்தியிருக்கலாம். சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேலும் விழுப்புரம் பாலிடெக்னிக்தான்னு சேர்த்தேன். "கடைசியில சென்னை ஐ.ஐ.டி.க்குத்தானே போனார்?"னு மடக்கிட்டார் மனுஷன்.

விளையாட்டு போகட்டும். அமெரிக்கால டேல், குரூகர்னு ரெண்டு பேர் ஆராய்ஞ்சு 2002-ல எழுதினதைப் படிச்சேன். பெரிய காலேஜ்ல இடம் கிடைச்சும் அவ்வளவு பேரில்லாத காலேஜுக்குப் போன பசங்க, பின்னாடி சம்பாத்தியத்துல ஒண்ணும் குறைஞ்சு போகலையாம். ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் பெரிய காலேஜ் நல்லாவே கைகொடுத்திருக்கு. அந்த 'மட்டும்'தான் என்னைத் தூங்க விடலைடா. காலேஜ் பேருதான் அவங்களுக்கு சிபாரிசு போல. நமக்கெல்லாம் யாரு சிபாரிசு பண்ணினா? மலருக்கு நான் இருக்கேன்னு சொல்லிக்கலாம், எனக்குத் தெரிஞ்ச உலகம் ஈ.பி. ஆபீசும் எதிர் டீக்கடையும்தானே. பெரிய கம்பெனிக்காரன் ஒருத்தன் நம்பர் என் போன்ல உண்டா?

இன்னொரு பக்கம் நம்ம கப்பலைப் பாரு. நம்ம செட்டுல பெரிய காலேஜ் போனது அவன் ஒருத்தன்தான். எப்ப பேசினாலும் ஹாஸ்டல் கதை. இப்ப பாக்கிற வேலையைப் பத்தி வாயே திறக்க மாட்டேங்கறான். பேரு இருந்தும் பிடிக்காததைக் கட்டிக்கிட்டு அழறான்னு தோணுது. மலரும் அப்படி ஆயிடுவாளோன்னு பயமா இருக்கு.

நீதான் ஆள் எடுக்குற நாற்காலில உட்கார்ந்திருக்கே. கட்டுக்கட்டா ரெஸ்யூமே வரும்போது காலேஜ் பேரைப் பாத்துக் கழிக்கிறீங்களா இல்லையா? முதல் வேலைக்கு மட்டுமா, பத்து வருஷம் கழிச்சும் கேப்பீங்களா? மழுப்பாம சொல்லு. மத்தவங்ககிட்ட ஹெச்.ஆர். பாஷை பேசிக்கோ.

வியாழக்கிழமை சாய்ஸ் லாக் பண்ணணும். அவ சத்தமில்லாம ஜி.சி.டி.யை முதல்ல போட்டு வெச்சிருக்கா, அவ அம்மாவுக்கு இன்னும் தெரியாது. அதுக்குள்ள பதில் போடு. அந்த ஐநூறு ரூபாயைப் பத்தி இதுல கேக்கலை, அதுக்குத் தனிக் கடிதம் வரும்.

உன்,
மொட்டை