அப்பாவின் மாத்திரையைப் பற்றி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. வீடியோவில் அப்பாவின் தோளும் கழுத்தும் நெளிவதைப் பார்த்துவிட்டு, நோய் முற்றிவிட்டதா, மாத்திரையைக் குறைத்தால் என்ன என்று கேட்டிருந்தாய். பயந்திருப்பாய், புரிகிறது. ஆனால் நாமாக அதில் கை வைக்கக் கூடாதம்மா. திடீரென்று நிறுத்தினால் உடல் விறைத்து, காய்ச்சல் ஏறி, உயிருக்கே ஆபத்தாகலாம்.

கை மடியில் சும்மா கிடக்கும்போது விரல்கள் உருட்டுகின்றனவே, அது அப்பாவின் பார்க்கின்சன் நோய். மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்தில் உடம்பு வளைந்து நெளிவது அந்த மாத்திரையிலுள்ள லெவோடோபா என்ற மருந்தின் வேலை. 1960களில் வந்த மருந்துதான். இன்றும் அதற்கு ஈடாக வேறொன்று இல்லை. ஆரம்பத்தில் மூளையில் மிச்சமிருந்த செல்கள், அந்த மருந்திலிருந்து கிடைக்கும் டோபமைனை, அதாவது அசைவை ஒழுங்காக வைக்கும் ரசாயனத்தை, சேர்த்து வைத்து அளவாகக் கொடுத்தன. அவை குறையக் குறைய, மருந்து ஏறினால் ஆட்டம், இறங்கினால் விறைப்பு என்றாகிவிட்டது.

மாத்திரை போட்ட நேரம், ஆட்டம் தொடங்கிய நேரம், கால் தரையோடு ஒட்டிக்கொண்ட நேரம் எல்லாவற்றையும் நோட்டில் எழுதி மருத்துவரிடம் காட்டினேன். ஒவ்வொரு வேளைக்கும் உள்ள அளவைக் குறைத்து, வேளைகளுக்கு இடையிலான இடைவெளியைச் சுருக்கிக் கொடுத்தார். கூடவே ஆட்டத்தைக் குறைக்க அமன்டடின் என்ற மருந்து. அது ஃப்ளூவுக்கு வந்த மருந்து. 1968இல் அதைச் சாப்பிட்ட ஒரு பெண்ணுக்குப் பார்க்கின்சன் தொல்லைகள் தணிந்ததைப் பார்த்துத்தான் இந்த நோய்க்கும் கொடுக்கத் தொடங்கினார்கள். சாயங்காலம் கொடுத்தால் தூக்கம் கெடும் என்பதால் காலையும் மதியமும் மட்டும். கணுக்கால் வீங்குகிறதா, தோலில் ஊதா நிறத்தில் வலைபோல் கோடுகள் தெரிகின்றனவா, இல்லாத ஆளை இருப்பதாகச் சொல்கிறாரா என்று கவனித்து வருகிறேன். கடைசியாகச் சொன்னதுதான் எனக்குப் பயம். இதுவரை அப்படி ஒன்றும் இல்லை.

பருப்பும் முட்டையும் லெவோடோபாவை உறிஞ்ச விடாமல் தடுக்கும் என்பதால், மாத்திரை போட்டு அரை மணி கழித்தே சாப்பாடு. மூளையில் மின்முனை வைக்கும் அறுவைச் சிகிச்சையைப் பற்றி, நீ வந்த பிறகு சேர்ந்து போய்க் கேட்கலாம்.

ஆட்டம் முழுதாக நிற்கவில்லை. ஆனாலும் நேற்று சட்டையின் கடைசிப் பொத்தான்வரை தானே போட்டுக்கொண்டார். "ஆடினாலும் பரவாயில்லை, நடமாட முடிந்தால் போதும்" என்கிறார். அவர் உடம்பு, அவர் சொல்வதைக் கேட்போம்.

ஒன்று மட்டும் செய். பதற்றம் வந்தால் ஆட்டம் கூடுகிறது. அடுத்த முறை பேசும்போது அவர் எதிரில் அழாதே. பேரனின் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசு. அதைத்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அன்புடன்,
அம்மா