ரிலேவில் என் இடத்தைக் காத்து வைத்தவர்களுக்கு

வேளச்சேரி குளத்தின் காலை பேட்ச் நண்பர்களுக்கும், மாநில மாஸ்டர்ஸ் (பெரியவர்களுக்கு வயதுப் பிரிவு வாரியாக நடக்கும்) நீச்சல் போட்டிக்கு வந்திருந்த மற்ற ஊர் நீச்சல்காரர்களுக்கும் வணக்கம்.

போட்டி முடிந்ததும் ஆளுக்கொரு பஸ், ரயில் என்று கிளம்பிவிட்டீர்கள். குரூப்பில் கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டு முடித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

தோள்பட்டைத் தசைநார் கிழிந்து ஆபரேஷன் ஆனதும், கலப்பு ரிலே டீமிலிருந்து என்னை எடுத்துவிடச் சொன்னேன். இதைப் படிக்கும் என் சொந்தக்காரர்களுக்காக ஒரு விளக்கம்: மாஸ்டர்ஸ் ரிலேவில் நான்கு பேர் வயதையும் கூட்டித்தான் பிரிவு போடுவார்கள். எங்கள் வயது 71, 64, 60, 58. கூட்டினால் 253. அதாவது 240 முதல் 279 வரையிலான பிரிவு. என் இடத்துக்கு 51 வயதுப் பெண் ஒருவர் வந்தாலும் பிரிவு மாறாது, வேகமும் கூடும். அப்படி இரண்டு பேர் நம் குளத்திலேயே இருக்கிறார்கள். கேட்டதற்கு இருவருமே, "அது அக்கா இடம், அவங்களே வரட்டும்" என்று சொல்லிவிட்டார்களாம். கழுத்தில் விழ வேண்டிய பதக்கத்தை எனக்காக விட்டுக்கொடுத்த தங்கைகளே, எப்படி நன்றி சொல்வேன்!

எங்கள் டீமின் 71 வயது சார் ஆஸ்பத்திரிக்கே வந்து உட்கார்ந்துகொண்டார். "ஜப்பான்ல மியெகோ நாகாவோகானு ஒரு அம்மா, எண்பது வயசை ஒட்டித்தான் நீச்சலுக்கே வந்தாங்க. 2015-ல, நூறு வயசுல, 1500 மீட்டர் நீந்தி முடிச்சாங்க. உங்களுக்கு என்னம்மா அவசரம்?" என்றார். அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

கையைத் தலைக்கு மேல் சுழற்ற இன்னும் முடியாத எனக்கு வழி சொன்னவரும் அவர்தான். ஃப்ரீஸ்டைல் ரிலேவில், கையைத் தலைக்கு மேல் சுழற்றத் தேவையில்லாத ப்ரெஸ்ட் ஸ்ட்ரோக் அடிக்கலாம். மாஸ்டர்ஸில் பிளாக்கிலிருந்து குதிக்காமல், தண்ணீரில் நின்று சுவரைத் தொட்டபடியே தொடங்கவும் விதி இருக்கிறது. இரண்டையும் ரெஃப்ரியிடம் முன்கூட்டியே பேசிவிட்டு, முதல் லெக்கை, அதாவது ரிலேவில் முதல் ஆளாக நீந்தும் பகுதியை, எனக்குத் தந்தார்.

அப்புறம் என் மதுரைத் தோழி. 60–64 பிரிவில் எனக்கு நேர்ப் போட்டி அவர்தான். ராத்திரி எட்டு மணிக்கு வீடியோ காலில் வந்துவிடுவார். ரப்பர் பேண்டைக் கதவுக் கைப்பிடியில் கட்டி இழுக்கும் பயிற்சியை நான் முடிக்கும்வரை அந்தப் பக்கம் அவரும் இழுத்துக்கொண்டிருப்பார். அவர் தோளிலும் இதே தழும்பு உண்டு. நான் குணமாகி வந்தால் யாருடைய பதக்கத்துக்கு ஆபத்து என்று அவருக்குத் தெரியாதா என்ன?

போட்டியன்று 50 மீட்டரைத் தொட்டுவிட்டேன். என் தலைக்கு மேலே அடுத்தவர் பாய்ந்தும்விட்டார். ஆனால் கையை ஊன்றி மேலே ஏற எனக்கு வலுவில்லை. ஏணியோ நான்கு லேன் தள்ளி. அப்போது பக்கத்து லேன் டீமில் தன் முறைக்காகக் காத்திருந்த ஒரு அம்மா மண்டியிட்டு, "வலது கையைத் தொடாதே, அக்குளுக்குக் கீழே பிடி" என்று இன்னொருவரையும் சேர்த்துக்கொண்டு என்னைத் தூக்கிவிட்டார். கேப்பும் காகிளும் போட்டிருந்ததால் முகம்கூடச் சரியாகத் தெரியவில்லை. எந்த ஊரம்மா நீங்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், நேரில் வந்து பார்க்கிறேன்.

மூன்றாவதாக வந்தோம். எங்கள் டீமின் மற்ற இருவருக்கும், ஆழம் குறைந்த பக்கத்தில் எனக்கென்று ஒரு லேன் ஒதுக்கித் தந்த கோச் தம்பிக்கும், லைஃப்கார்டு பிள்ளைகளுக்கும், விடிகாலையில் வண்டியில் கொண்டுவந்து விட்ட என் வீட்டுக்காரருக்கும் மனமார்ந்த நன்றி.

அடுத்த ஆண்டு எனக்கு 65. நான் புதுப் பிரிவுக்குப் போகிறேன், மதுரைத் தங்கச்சி இன்னும் இரண்டு வருடம் பழைய பிரிவிலேயே இருப்பார். போட்டி இல்லையென்று எட்டு மணி வீடியோ காலை நிறுத்திவிடாதே, தாயே.

அன்புடன்,
உங்கள் முதல் லெக் அக்கா