நாற்பதால் பெருக்கிப் பார்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோவில் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, மறுபடி பேப்பர் படிக்கிறார்.

சரி, அவள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். டிரான்சிஸ்டரின் வோல்டேஜ் கெயின் (சிக்னல் வோல்டேஜ் எத்தனை மடங்கு பெரிதாகிறது) கணக்கில் பீட்டாவை (பேஸ் கரண்ட்டைப்போல் கலெக்டர் கரண்ட் எத்தனை மடங்கு என்பதை) எங்கே போடுவது? போடவே வேண்டாம் என்று சொல். பிசி547 என்ற டிரான்சிஸ்டருக்கு அது 110-லிருந்து 800 வரை எதுவாகவும் இருக்கலாம்; அதை நம்பி எப்படிக் கணக்குப் போடுவது? 25 மில்லிவோல்ட்டைக் கலெக்டர் கரண்ட்டால் வகுத்தால் எமிட்டரின் உள் ரெசிஸ்டன்ஸ் வரும். 1 மில்லிஆம்பியருக்கு 25 ஓம். கலெக்டரில் 4.7 கிலோ ஓம், எமிட்டருக்கு, சிக்னலை நேரே கிரவுண்டுக்கு விடும் பைபாஸ் கண்டென்சர் இருக்கிறது என்றால், 4700-ஐ 25-ஆல் வகுக்க கெயின் 188.

இன்னும் அழகான வழி ஒன்று உண்டு. அந்தக் கலெக்டர் ரெசிஸ்டரின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வைக்கட்டும். 4.7 வோல்ட் காட்டும். 25 மில்லிவோல்ட்டால் (0.025 வோல்ட்) வகுப்பதும் நாற்பதால் பெருக்குவதும் ஒன்றுதான்; பெருக்கினால் அதே 188! சிக்னலே கொடுக்காமல், ஒரே ஒரு டிசி அளவில் கெயின் கைக்கு வந்துவிடுகிறது. ஜெர்மானியமோ சிலிக்கானோ, எந்த நம்பரோ, கணக்கு மாறாது. இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு இது ஆச்சரியம்தான்.

பழைய ரேடியோக்களில் இருந்த கண்ணாடிக் குழாய் வால்வில் இது நடக்காது. அங்கே எல்லாம் கிரிட், பிளேட் அமைப்பைப் பொறுத்தது. டேட்டா புத்தகத்தைத் திறந்தே ஆகவேண்டும். 12ஏஎக்ஸ்7 என்ற வால்வுக்கு மியூ (அதன் உச்சபட்ச கெயின்) 100, பிளேட் ரெசிஸ்டன்ஸ் 62.5 கிலோ ஓம். பிளேட் லோடு 100 கிலோ ஓம் என்றால், 100-ஐ 100-ஆல் பெருக்கி, இரண்டு ரெசிஸ்டன்ஸின் கூட்டலான 162.5-ஆல் வகு: சுமார் 61.5.

அடுத்த ஸ்டேஜை (அடுத்த பெருக்கிச் சுற்றை) இணைக்கும்போதுதான் பீட்டா உள்ளே வருகிறது. பீட்டா 200 உள்ள அதேபோன்ற டிரான்சிஸ்டரின் இன்புட் ரெசிஸ்டன்ஸ், 200-ஐ 25 ஓமால் பெருக்க, வெறும் 5 கிலோ ஓம். அது 4.7 கிலோ ஓமுக்கு இணையாகச் (பாரலலாக) சேர்ந்ததும் கெயின் 188-லிருந்து 97-க்கு இறங்கிவிடும். வால்வின் அடுத்த கிரிட்டில் 1 மெக் ஓம் இருந்தால் 61.5 என்பது 59 ஆகும், அவ்வளவுதான். பேப்பரில் வந்த கெயின் போர்டில் வராததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். இதை அவளுக்கு நிதானமாகச் சொல்.

அடுத்த மாதம் வரும்போது சோதனை சிக்னல் தரும் என் ஆடியோ ஆசிலேட்டரைக் கொண்டு வருகிறேன். அதற்குள் ஒரு ஸ்டேஜ் கட்டி வைக்கட்டும். இன்புட் மட்டும் சில மில்லிவோல்ட்டைத் தாண்ட வேண்டாம், அலை சிதைந்துவிடும்.

அன்புடன்,
உன் நண்பன்