கயிற்றின் மறுமுனை: மதுரை மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும் மாவட்ட தீயணைப்பு அலுவலர் அவர்களுக்கும் வணக்கம்.

கிணற்றில் ஒருவர் விழுந்துவிட்டார் என்றால் ஊர் முழுவதும் கயிறு தேடி ஓடுகிறது. அந்தக் கயிற்றின் மறுமுனையை எதில் கட்டுவது என்பதை, கயிறு வந்து சேர்ந்த பிறகே யோசிக்கிறோம். பயிற்சி பெற்றவர்கள் ‘ஆங்கர்’ என்று சொல்லும் அந்தப் பிடிமானத்தைப் பற்றியே இம்மடலை எழுதுகிறேன்.

மேலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், கிணற்றில் விழுந்த பசுவைத் தூக்க நாங்கள் சிலர் முனைந்தபோது, பழைய கமலைக் கல்லில் கயிற்றைக் கட்டினோம். தலைமுறை தலைமுறையாக நீர் இறைத்த கல் என்பதால் ஒருவருக்கும் ஐயம் எழவில்லை. ஆனால் கமலைக் கல்லுக்கு வேலை, நீர் அள்ளும் சாலின் பாரத்தைக் கீழ்நோக்கித் தாங்குவது. நாங்களோ அதைப் பக்கவாட்டில் இழுத்தோம். கல் அடியோடு சாய்ந்தது. பசு பாதி உயரம்கூட வந்திராததால் உள்ளே இறங்கியிருந்தவர் தப்பினார். பாரம் எந்தத் திசையில் வரும் என்று பார்க்காமல் வலிமையை மட்டும் பார்த்தது எங்கள் பிழை.

மரம் இருந்தால் நல்லதுதான். ‘முருங்கை பருத்தால் தூணாகுமா’ என்று நம் பெரியவர்கள் கேட்டது இங்கே சொல்லுக்குச் சொல் பொருந்தும். கிணற்றுச் சுவரின் இடுக்கில் முளைத்த அரசமரம் எவ்வளவு பசுமையாகத் தெரிந்தாலும், அது சுவரைப் பிளந்துகொண்டிருக்கும் மரம். விளிம்பிலிருந்து தள்ளி நிற்கும், பட்டுப்போகாத, வேர் மண்ணில் ஆழ ஊன்றிய வேம்போ புளியோ போதும். கட்டும்போது தரையை ஒட்டிக் கட்ட வேண்டும். உயரத்தில் கட்டினால் மரம் நெம்புகோலாகி வேரையே பெயர்க்கும். அடிமரத்தில் கயிற்றை மூன்று நான்கு சுற்று சுற்றினால் உராய்வே பெரும்பாரத்தைப் பிடித்துக்கொள்ளும், முடிச்சின் மீது சுமை ஏறாது.

ஒரு மரம் போதாதென்று இரண்டில் கட்டுவோர், இடையிலுள்ள கோணத்தைக் கவனிப்பதில்லை. இரு கயிறுகளுக்கும் நடுவில் 60 பாகை இருந்தால் ஒவ்வொன்றும் சுமையில் ஏறத்தாழ 58 விழுக்காட்டைத் தாங்குகிறது. அதுவே 90 பாகையானால் 71. 120 பாகையில் ஒவ்வொன்றும் முழுச் சுமையையும் தாங்க வேண்டும். 150 பாகையில் ஏறக்குறைய இருமடங்கு. பகிர்ந்துகொள்வதாக நினைத்துப் பெருக்கிக்கொள்கிறோம். அதுபோலவே மேலே ஒரு கப்பியை மாட்டிக் கீழ்நோக்கி இழுத்தால், கப்பி தொங்கும் இடத்தில் தொங்குபவரின் எடையோடு இழுப்பவர்களின் விசையும் சேர்ந்து இருமடங்குக்கும் சற்று மேலாக விழுகிறது. நூறு கிலோ மனிதருக்கு இருநூறு கிலோவுக்கும் மேல்.

டிராக்டரில் கட்டுவதும் வழக்கம். சாவியை எடுத்துவிட்டு, சக்கரங்களுக்குக் கல் வைத்து, முன்பம்பரை விட்டு அச்சில் கட்டினால் அதுவும் பயன்படும். ஆனால் ஈர மண்ணில் விளிம்புக்கு நெருக்கமாக நிறுத்தினால் கிணற்றுச் சுவரே உள்ளே சரியலாம்.

கைவிடப்பட்ட கிரானைட் குவாரிப் பள்ளங்கள் வேறு வகையான இடர். பெரிய கழிவுப் பாளங்கள் குவிந்திருக்கும். ஒரு கனமீட்டர் கிரானைட் 2.6 டன் அளவில் இருக்கும் என்பதால் அசையாது என்று தோன்றும். சரிவில், கல்மேல் கல்லாகக் கிடக்கும் பாளத்துக்கு அந்தக் கணக்கு உதவாது. விளிம்புப் பாறையைச் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். பொள்ளென்று ஒலித்தால் உள்ளே பிளவு இருக்கக்கூடும், அங்கே கயிறு மாட்டும் போல்ட் அடிக்கக் கூடாது.

எனவே என் வேண்டுகோள் இதுதான். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளில், ஒவ்வோர் ஊராட்சியும் தன் எல்லையிலுள்ள திறந்த கிணறுகளையும் குவாரிப் பள்ளங்களையும் பட்டியலிடட்டும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு தனித்தனிப் பிடிமானங்களைத் தீயணைப்பு வீரர் ஒருவர் நேரில் பார்த்து, பாரம் வரும் திசையிலேயே நான்கைந்து பேரைக்கொண்டு இழுத்துச் சோதித்து, பெயிண்டால் குறியிடட்டும். ஒன்று முதன்மைக் கயிற்றுக்கு, மற்றொன்று காப்புக் கயிற்றுக்கு. இரண்டையும் ஒரே மரத்தில் கட்ட அனுமதிக்கக் கூடாது. ஏற்ற இடம் எதுவும் இல்லாத கிணறுகளில், கைப்பிடிச் சுவரை நம்பாமல், விளிம்பிலிருந்து விலகிக் கான்கிரீட்டில் இரும்பு வளையம் பதிக்க ஊராட்சி நிதியில் வழி செய்யுங்கள். மழைக்காலம் கழிந்ததும் அந்தக் குறிகளை மறுபடி சோதிக்கும் பொறுப்பு யாருடையது என்பதையும் ஆணையிலேயே எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
கிணற்றடியில் கயிறு பிடித்த ஒருவன்